வடிக்கும்போது அடுப்பு எரியாது

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வடிக்கத் தெரியாது, ஆபிசர். காய்ச்சுவது யாருக்கும் வந்துவிடும். முளைகட்டிய பார்லி மால்ட் சாற்றில் கசப்புக்கு ஹாப்ஸ் பூவைக் கொட்டி ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவதற்குப் பெரிய மூளை வேண்டாம். ஆனால் கொதித்து முடித்ததும் பூ வெந்து நைந்து கீரை மசியல் மாதிரி அண்டா முழுக்க மிதக்கும். அந்தக் கசடோடு சாற்றை இறக்கிவிட்டால் பீர் கலங்கிப்போகும், நாக்கில் புல் வாடை அடிக்கும். அதனால் அடுப்பை அணைத்து, குளிர்ந்த தண்ணீர் ஓடும் செம்புக் குழாய்ச் சுருளை உள்ளே இறக்கிச் சாற்றை ஆறவைத்து, நீளக் கரண்டியால் ஒரே பக்கமாகச் சுழற்றிவிட வேண்டும். மூடி போட்டுவிட்டு இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கசடெல்லாம் நடுவில் குவிந்து உட்கார்ந்துவிடும். பிறகு அடிக்குழாயைக் கால் திருகு மட்டும் திறந்து, முனையில் கம்பிவலைப் பையைக் கட்டி, மெல்லிசாக இறக்க வேண்டும். அடியில் தங்கும் கடைசி இரண்டு லிட்டருக்கு ஆசைப்படக் கூடாது.

பக்கத்து வீட்டு டுவைட் ஆசைப்படுவான். அண்டாவைச் சாய்ப்பான், குவியல் சரிந்து குழாயை அடைத்துக்கொள்ளும், உடனே கம்பியை விட்டுக் குத்துவான். பார்க்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். பத்து வருடமாகக் காய்ச்சுகிற மனிதனுக்கு இருபது நிமிடம் சும்மா நிற்க வராது.

நீங்கள் கேட்க வந்தது இதை அல்ல என்று தெரியும். ஏப்ரல் மாதம் டுவைட் வீட்டுப் பின்பக்கத்தில் கசடு வாளியின் மூடி திறந்து கிடந்ததை நான் பார்த்தேனா என்று கேட்டீர்கள். அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரெக்கார்டர் ஓடட்டும், அணைக்க வேண்டாம்.

முதலில் கிரேவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரேவி எங்கள் நாய். பழுப்பு நிறம், குட்டைக் கால், எந்த ஜாதி என்று யாராலும் சொல்ல முடியாது. என் மனைவி ஓப்பல் வைத்த பெயர். அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்து, பேச்சும் போனது. எல்லாம் போகவில்லை, ஒரே ஒரு சொல் மிச்சம் இருந்தது. கிரேவி. தண்ணீர் வேண்டுமென்றாலும் கிரேவி, ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றாலும் கிரேவி. என்னைக் கூப்பிட்டாலும் அதே பெயர்தான். குரலை வைத்தே எது எதற்கென்று நான் பிடித்துக்கொள்வேன். நாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு தடவையும் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று கட்டிலில் ஏறிவிடும். ஓப்பல் இடது கையால் அதன் காதைப் பிடித்துக்கொள்வாள். முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியவன் சொல்கிறேன், அந்த இரண்டு வருடம்தான் நாங்கள் சண்டையே போடாமல் இருந்தோம்.

இரண்டு வருடத்துக்கு முன், மே மாதத்தில் ஒரு நாள் டுவைட் காய்ச்சி முடித்துவிட்டு, வலைப் பையிலிருந்த கசடை வேலி ஓரத்துக் குப்பைக் குழியில் உதறிவிட்டுப் போனான். மண் போட்டு மூடவில்லை. அவன் மகள் கோராவை டாக்டரிடம் கூட்டிப்போகிற அவசரமாம். வேலிக்கு அடியில் ஒரு சந்து உண்டு, கிரேவிக்கு அது தெரியும். மதியம் தின்றது. நான்கு மணிக்கு மூச்சு வாங்கியது, உடம்பு அடுப்பாகக் கொதித்தது. ஏழு மணிக்கு மிருக டாக்டர் மேஜையில் முடிந்துபோனது.

இந்த யாகிமா பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் உலர்த்தும் சூளையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் நான். ஹாப்ஸ் நாய்க்கு விஷம் என்று எனக்கே தெரியாது. காய்ந்த பூவை எந்த நாயும் முகர்ந்துகூடப் பார்க்காது, அவ்வளவு கசப்பு. மால்ட் சாற்றில் ஊறிய பிறகுதான் இனிப்புக்கு ஆசைப்பட்டு நக்கும். இது வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கு மட்டும் வருகிற ஆபத்து. டுவைட்டுக்கு நன்றாகத் தெரியும், அவன் வீட்டிலேயே நாய் இருக்கிறது. தன் நாய் வெளியே வருவதற்குள் மண் போட்டு மூடிவிடுவான். அன்று அவன் நாய் அவர்களோடு காரில் போயிருந்தது.

அவன் மன்னிப்புக் கேட்காமல் இல்லை. மறுநாளே ஆறு பாட்டில் பீரோடு வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பாட்டில்களை என் கையில் திணித்துக்கொண்டே சொன்னான்.

"சனிக்கிழமை போலாம் எல்டன். நாய்க் காப்பகத்துல அழகழகா குட்டிங்க இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன். உங்க வீட்டம்மாவுக்கு எதுக்கு வித்தியாசம் தெரியப்போகுது?"

நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அவன் செய்த எல்லாமே நல்லெண்ணத்தில் செய்ததுதான். அவனிடம் பெரிய தொல்லையே அதுதான்.

அன்று காய்ச்சிய அந்த பீருக்கு அவன் கிரேவியின் பெயரை வைத்தான். எங்கள் ஊரில் காய்ச்சுகிறவர்கள் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பெயர் வைத்து லேபிள் ஒட்டுவார்கள். "கிரேவியின் கடைசி ஓட்டம்." கோரா படம் வரைந்து கொடுத்திருந்தாள், காது இரண்டும் பறக்க ஓடுகிற நாய். செப்டம்பர் கண்காட்சியில் அதற்கு இரண்டாம் பரிசு, சிவப்பு ரிப்பன். பீர் காய்ச்சுகிறவர்கள் சங்கத்துக்காரர்கள் லேபிளைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் முதுகில் தட்டி, பாருங்கள், உங்கள் நாய் பிரபலமாகிவிட்டது என்றார்கள். நானும் சிரித்தேன். அத்தனை பேர் நடுவில் வேறு என்ன செய்ய.

அதோடு விட்டிருந்தால்கூட நான் பொறுத்துப் போயிருப்பேனோ என்னவோ. ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, ஓப்பலின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். நாய் போன நாளிலிருந்து அவள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாள். தண்ணீருக்கா, ஜன்னலுக்கா, நாய்க்கா என்று எனக்கே குழம்ப ஆரம்பித்திருந்தது. அந்தப் படத்தைப் பார்த்ததும் இடது கையை நீட்டினாள். கிரேவி, கிரேவி என்று பாட்டிலைப் பார்த்துக் கூப்பிட்டாள். டுவைட் பூரித்துப்போனான்.

"பாத்தீங்களா, பிராண்டு பேரச் சரியாச் சொல்லிட்டாங்க."

அவள் அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் துப்பினாள். மறுநாளும் துப்பினாள். நவம்பரில் போய்ச் சேர்ந்தாள். டாக்டர் இதயம் நின்றது என்று எழுதினார், படித்தவர், எழுதட்டும். சவ அடக்கத்துக்கு டுவைட் அரைத்த இறைச்சியை ரொட்டி மாதிரி சுட்டு எடுத்துவந்தான். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அதைக் கழுவித் துடைத்துத்தான் கொடுத்தேன்.

ஜனவரியில் அவனிடம் போய், எனக்கும் காய்ச்சக் கற்றுக்கொடு என்றேன். அவனுக்கு வாயெல்லாம் பல். நான் அவனை மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொண்டான். பழைய அண்டா ஒன்றைத் தந்தான், அடுப்பு தந்தான், 'பார்ட்னர்' என்று கூப்பிட ஆரம்பித்தான். ஆறு மாதத்தில் நான் அவனைவிட நன்றாக வடித்தேன். என் பீர் கண்ணாடி மாதிரி இருக்கும், சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். அவசரம் இல்லாதவனுக்கு அந்த வேலை தானாக வந்துவிடும்.

கோராவைப் பற்றி நீங்கள் கோப்பில் படித்திருப்பீர்கள். இருபத்தாறு வயது. சின்ன வயதிலிருந்து வலிப்பு. மேபெல் என்கிற அந்த லாப்ரடார் சும்மா வளர்த்த நாய் அல்ல, பழக்கி அனுப்பிய நாய். வலிப்பு வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே அதற்கு எப்படியோ தெரிந்துவிடும். கோராவின் முழங்காலை மூக்கால் இடிக்கும். அவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்து அப்பாவைக் கூப்பிடுவாள். அந்த நாய் வந்த பிறகு ஐந்து வருடத்தில் அவள் ஒரு தடவைகூடத் தலை அடிபட விழுந்ததில்லை. இதையெல்லாம் என்னிடம் சொன்னது கோராதான். நல்ல பெண். கிரேவி செத்தபோது அந்தத் தெருவிலேயே உண்மையாக அழுதது அவள் ஒருத்திதான். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள், முக்கியம்.

இப்போது மூடி. கிரேவிக்குப் பிறகு டுவைட் திருந்தியிருந்தான். கசடை மூடி போட்ட வாளியில்தான் போடுவான், மூடிமேல் ஒரு செங்கல் வைப்பான். மூடி இல்லையென்றால் செங்கல், செங்கல் இல்லையென்றால் அவனே உட்கார்ந்துகொள்வான் என்று கோரா கிண்டல் செய்வாள். ஏப்ரலில் அந்த வெள்ளிக்கிழமை அவன் காலையில் காய்ச்சிவிட்டு, பாட்டில் வாங்க டவுனுக்குப் போனான். கோரா உள்ளே படம் வரைந்துகொண்டிருந்தாள். மேபெலை மூன்று மணிக்கு வெளியே விடுவாள், கடிகாரம் தவறாது. இரண்டே முக்காலுக்கு நான் வேலிக் கதவைத் திறந்துகொண்டு போய், செங்கலை எடுத்துக் கீழே வைத்து, மூடியைக் கழற்றி, வாளியைச் சாய்த்தேன். டுவைட் அரைகுறையாக வடிப்பதால் அவன் கசடில் சாறு நிறையத் தங்கியிருக்கும், தேன் மாதிரி இனிக்கும். திரும்பி வந்து கை கழுவினேன்.

ஆக, மூடி திறந்து கிடந்ததைப் பார்த்தேனா என்றால், பார்த்தேன்.

மேபெலும் அன்று ஏழு மணிக்குத்தான் போனது. டுவைட் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். "செங்கல வெச்சேனா இல்லையான்னே ஞாபகம் வரல எல்டன். உன் நாயக் கொன்னேன், இப்ப இதையும் கொன்னுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான். நான் அவன் தோளில் கை வைத்தேன். மறதி யாருக்கும் வருவதுதான் என்றேன். புதுக் குட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு நாகரிகம் உண்டு.

நியாயமாகப் பார்த்தால் நாய்க்கு நாய் சரியாகிவிட்டது, அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குப் போனது நாய் மட்டும் அல்ல. அவனுக்கு அது கடைசிவரை புரியவே இல்லை. வாயால் சொல்லிப் புரியவைக்கிற விஷயமும் இல்லை.

பழக்கிய நாய் இன்னொன்று கிடைக்க ஒரு வருடம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். டுவைட் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மகள் பக்கத்திலேயே உட்கார்ந்தான். குளியலறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருந்தான். ஐந்து வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டான். கோராவே என்னிடம் வந்து சொன்னாள். "அப்பாவ எங்கயாவது அனுப்புங்க எல்டன். இப்படியே போனா எனக்கு முன்னாடி அவரு விழுந்துடுவாரு."

மே கடைசிச் சனிக்கிழமை எல்லன்ஸ்பர்க்கில் பீர் போட்டி. நீ போய் வா, நான் அன்று காய்ச்சப் போகிறேன், நாள் முழுக்க இங்கேதான் இருப்பேன், என் கார் ஷெட்டிலிருந்து உன் பின்வாசல் பத்தடி என்றேன். அவன் ரொம்ப யோசித்தான். கடைசியில் தன் சட்டைப்பையிலிருந்து மருந்தை எடுத்து என் பையில் வைத்தான். வலிப்பு வந்தால் மூக்கில் அடிக்கிற மருந்து அது. எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் படுக்கவைப்பது, எல்லாம் இரண்டு தடவை செய்து காட்டினான்.

"உன்ன நம்பித்தான் போறேன் பார்ட்னர்" என்றான்.

நம்பிப் போ என்று நானா சொன்னேன்? சொன்னேன். சரி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காலையெல்லாம் ஒன்றும் இல்லை. கோரா பின்வாசலில் மேஜை போட்டு லேபிள் வரைந்துகொண்டிருந்தாள். பத்து மணிக்கு எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பன்னிரண்டரைக்கு நான் அடுப்பை அணைத்தேன். ஆறவைத்து, சுழற்றி, மூடி போட்டு, இருபது நிமிடம் நின்றேன். ஒன்றரைக்குக் குழாயைத் திறந்தேன். சாறு பொன் நிறத்தில் இறங்க ஆரம்பித்தது. அப்போது நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது, பிறகு சிமெண்டுத் தரையில் இன்னொரு சத்தம். அது என்ன சத்தம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஓப்பல் விழுந்தபோது கேட்டிருக்கிறேன்.

பாதி வடிக்கும்போது விட்டுவிட்டுப் போகக் கூடாது, ஆபிசர். குழாயை மூடித் திறந்தால் உள்ளே நீர் அசையும், கசடுக் குவியல் கலையும், வலை அடைத்துக்கொள்ளும். ஒரு மாத வேலை வீண். மருந்து என் சட்டைப்பையில்தான் இருந்தது, குனியும்போது நெஞ்சில் இடித்தது. மேஜைக் கால் தரையில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இருபது லிட்டர் இறங்குவதற்கு இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. தடதடப்பு அதற்கு முன்பே நின்றுவிட்டது. கடைசி இரண்டு லிட்டரை விட்டுவிட்டேன், குழாயை மூடினேன், வலையை அலசிக் காயப்போட்டேன். பிறகு போய்ப் பார்த்து, உங்களுக்கு போன் செய்தேன்.

அடுப்புச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று அன்று வந்த உங்கள் ஆட்களிடம் சொன்னேன். கேஸ் அடுப்பு பக்கத்தில் நின்றால் காது அடைக்கும், உண்மைதான். எழுதிக்கொண்டு போனார்கள். ஆனால் வடிக்கும்போது அடுப்பு எரியாது. அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், ஷெட்டில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். ஆம்புலன்ஸ்காரர்களே வடித்து வைத்த சாற்றைத் தாண்டித்தான் போனார்கள். உங்கள் ஆட்களில் யாரும் காய்ச்சுவதில்லை போலிருக்கிறது. டுவைட்டுக்குத் தூக்கத்தில் கேட்டால்கூட இது தெரியும். ஆனால் அவன் தன்னைத்தானே திட்டிக்கொள்வதில் இருந்தான், அவனுக்குத் தோன்றவே இல்லை. மருந்தை அவன் கையில் திருப்பிக் கொடுத்தபோதுகூட, நீ என்ன செய்வாய் எல்டன், நான்தானே அந்த நாயைக் கொன்றேன் என்று என்னைக் கட்டிக்கொண்டான்.

எனக்குத் தெரிந்து அந்த நிமிடம்தான் அவனும் நானும் ஒரே இடத்தில் நின்றோம்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். சும்மா இருந்திருந்தால் நீங்கள் காப்பி குடித்துவிட்டுப் போயிருப்பீர்கள், தெரியும். வந்த உடனே நீங்கள் ஒன்று சொன்னீர்கள். டுவைட் தானாகவே உங்கள் அலுவலகத்துக்கு வந்து, மகளைக் கொன்றது நான்தான், என்னை உள்ளே போடுங்கள் என்று மூன்று நாளாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்றீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போனால் போதும், இது விபத்து, உங்கள்மேல் தப்பே இல்லை என்று எழுதிக்கொடுத்து அவனைத் தேற்றி அனுப்பிவிடலாம் என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. என் நாயின் பெயரில் ரிப்பன் வாங்கினான், பொறுத்தேன். நான் செய்ததையும் அவன் பெயரில் எழுதி, அதை நீங்கள் தப்பே இல்லை என்று துடைத்தும் விடுவீர்களாம். ஒன்றரை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு நான் காத்திருந்தது இதற்கா?

கொன்றது நான். நாயையும் நான்தான், பெண்ணையும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். வக்கீல் வேண்டாம், ஜாமீன் வேண்டாம், ஆயுள் முழுக்க என்றாலும் சரி.

எனக்காக ஒன்றே ஒன்று செய்யுங்கள். டுவைட்டிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள். அவனுக்கு ஐம்பத்தாறு வயதுதான், உடம்பும் திடமான உடம்பு, செங்கலை வைக்க மறந்தது தான்தான் என்று நினைத்துக்கொண்டே அவன் ரொம்ப நாள் நன்றாக இருக்கட்டும்.